நிழலை அளந்தால் ஆழம் தெரியும்

ராபர்ட் ஆடம், ஜேம்ஸ் ஆடம் என்ற ஸ்காட்லாந்து சகோதரர்கள் தாங்கள் வடிவமைத்த கட்டடங்களின் படங்களை 1773 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டார்கள். லண்டனுக்கு மேற்கே உள்ள சையன் மாளிகைதான் முதல் பகுதியின் பொருள். அதன் சாலையோர வாயிலும் அதில் உண்டு. நடுவே ஒரு வளைவு, உச்சியில் ஒரு சிங்கம், இருபுறமும் பூங்கா தெரியும்படி திறந்த தூண் வரிசை, கோடியில் காவலர் குடில்கள். ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அதே ஆண்டில் எழுதிய கடிதத்தில், இது வாயிலல்ல, வெறும் சரிகை வேலை என்கிற தொனியில் இகழ்ந்தார். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். இந்த வகைப் படங்களை நிதானமாகப் பார்த்தால், அலங்காரத்துக்கு அடியில் கச்சிதமான ஒரு கணக்கு இருப்பது தெரியும்.

கட்டடக்கலைஞர் வரையும் நேர்முகத் தோற்றத்தில் தூரம் என்பதே கிடையாது. தள்ளி நிற்பது சிறிதாகத் தெரியாது. எல்லாமே ஒரே அளவுகோலில் இருக்கும். அதனால் ஸ்கேல் வைத்து உயரத்தையும் அகலத்தையும் நேரடியாக எடுத்துவிடலாம். ஆனால் ஆழம் போய்விடுகிறது. தூண் சுவரை ஒட்டி நிற்கிறதா, ஓரடி தள்ளி நிற்கிறதா?

இதற்கு விடை சொல்வது நிழல். ஒளி இடது மேல்புறத்திலிருந்து 45 பாகை சாய்வில் விழுவதாக வைத்துக்கொள்வது வரைபடக்காரர்களின் மரபு. அப்படி விழுந்தால், ஒரு பொருள் சுவரிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதே அளவுக்கு அதன் நிழல் கீழேயும் வலப்புறமும் நகரும். மேலே உள்ள கொடுங்கை ஒன்றரை அடி வெளியே வந்திருந்தால் நிழலும் சுவரில் ஒன்றரை அடி இறங்கும். நிழலை அளந்தால் ஆழத்தை அளந்தாயிற்று! தட்டையான தாளிலிருந்து மூன்றாவது பரிமாணம் கிடைத்துவிடுகிறது. நிழல் விழும் இடம் உருண்டையான தூணாக இருந்தால் அதன் விளிம்பு வளைந்துவிடும். தட்டையான சதுரத் தூணில் நேராகவே இருக்கும்.

அந்த நிழலையும் சாம்பல் நிற மை பூசி உண்டாக்கவில்லை. இருப்பது கறுப்பு மை ஒன்றுதான். செப்புத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சு தடவி, புகையில் கறுப்பாக்கி, ஊசியால் கீறுவார்கள். பிறகு நைட்ரிக் அமிலம். கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். வானத்தின் கோடுகள் லேசாக அரிக்கப்பட்டதும் அவற்றை வார்னிஷால் அடைத்துவிட்டு, நிழற்பகுதியை மட்டும் மறுபடி அமிலத்தில் விடுவார்கள். அதிக நேரம் ஊறிய கோடு ஆழமாகி, அதிக மை பிடிக்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் பள்ளத்து மை தாளுக்கு ஏறிவிடும். படம் இடம்வலமாக மாறுமென்பதால் தகட்டில் எல்லாமே இடம்வலம் மாறித்தான் இருக்கவேண்டும்.

ஒரு தூணை உருப்பெருக்கியில் பாருங்கள். வெளிச்சம் படும் பக்கத்தில் கோடே இல்லை. அந்த வெண்மை வெறும் தாள். நிழற்பக்கம் போகப்போகக் கோடுகள் நெருங்குகின்றன. நம் கண்ணால் ஏறத்தாழ ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியைப் பிரித்தறிய முடியாது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அது சுமார் 0.3 மில்லிமீட்டர். அதைவிட நெருக்கமான கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. கல்லின் உருட்சி நம் கண்ணுக்குள்தான் உருவாகிறது.

செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தேயும். மெல்லிய கோடுகள்தான் முதலில் மறையும். ஆகவே இப்படிப்பட்ட பழைய அச்சுப்படம் ஒன்றைக் காண நேர்ந்தால், சிங்கத்தையும் கொடிக்கருக்கையும் பிறகு ரசிக்கலாம். முதலில் நிழல்களைப் பாருங்கள். அங்கே மெல்லிய கோடுகள் கூர்மையாக இருந்தால், தகடு தேய்வதற்கு முன் எடுத்த நல்ல பிரதி அது.