பத்து நிமிட இடைவேளையில் ஒரு கதை

எம்மவர்கள் பலரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. குசினி லாச்சிக்குள், மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்களுக்கும் நடுவில் கிடக்கும். அதற்குள் ஒரு கதையின் முதல் இரண்டு பக்கங்கள் இருக்கும், அல்லது பாதியில் நின்றுபோன ஒரு கவிதை. கேட்டால், "நேரம் எங்கை அண்ணை, வேலை வேலையெண்டு ஓடித் திரியிறம்" என்பார்கள். நாமும் பல வருடங்களாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அது பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றி வாசகர்களுடன் கொஞ்சம் கதைக்க விரும்புகிறோம்.

நாம் ஒக்லாந்தின் தென்புறத்தில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறோம். க.பொ.த. சாதாரண தரத்துடன் எமது படிப்பு முடிந்துவிட்டது. வெட்டிய பாண் பைக்குள் விழுந்து பெல்ட்டில் வரும். பையில் திகதி சரியாக அடித்திருக்கிறதா என்று பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும். உணவு செய்யும் இடம் என்பதால் எமது வெள்ளை மேலங்கிக்குப் பொக்கற் கிடையாது. பேனை, கடதாசி, மோதிரம் ஒன்றும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. காதில் இரைச்சலுக்கு மூடி. ஆகவே எட்டு மணி நேரமும் யாருடனும் பேச்சில்லை.

இந்த இடத்தில்தான் வசனங்கள் வந்து தொலைக்கின்றன. வீட்டில் மேசைக்கு முன்னால் மணிக்கணக்கில் இருந்தாலும் வராத வசனம், விடியப்புறம் மூன்று மணிக்கு இரண்டு கையும் பாணில் இருக்கும்போது வரும். சின்ன வயதில் தேவாரம் பாடமாக்கியது போல அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நிற்போம். இந்த நாட்டுச் சட்டப்படி எட்டு மணி நேர வேலைக்குச் சம்பளத்துடன் இரண்டு பத்து நிமிட இடைவேளையும், சாப்பாட்டுக்கென்று அரை மணி நேரமும் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் மேலங்கியைக் கழற்றி, லொக்கரைத் திறந்து, பேனையை எடுப்பதற்குள் நாலு நிமிடம் போய்விடும். வசனத்தில் பாதியும் போய்விடும்.

ஒருமுறை வசனம் போகவில்லை, திகதி போய்விட்டது. ஒரு கதைக்கு முடிவு பிடிபட்ட சந்தோசத்தில் நின்றோம். பிழையான திகதி அடித்த பைகள் நாற்பது தட்டுக்கு மேல் எம்மைக் கடந்து போய்விட்டன. அடுத்த நாள் எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். அந்தக் கடிதத்தை வாசித்த துணைவியார், "உங்கட எழுத்துக்கு வந்த முதல் பதில் இதுதான்" என்றார். இருவரும் சிரித்தோம். ஆனால் அந்த வேலையை நம்பித்தான் வீட்டு வாடகையும் ஊரில் அம்மாவின் மருந்துச் செலவும் இருக்கின்றன. இரண்டு மாதம் கொப்பியைத் தொடவில்லை.

எழுதாமல் இருந்த அந்த நாட்களில்தான் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் பழைய 'மல்லிகை' இதழ்களை வாசிக்கத் தொடங்கினோம். டொமினிக் ஜீவாவை யாழ்ப்பாணத்தவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. இங்கே வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 1927இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, முடி திருத்தும் தொழிலைச் செய்தவர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிச் சலூனில் கத்தரிக்கோல் பிடித்த கையால்தான் கதைகளும் எழுதினார். 1960இல் வந்த அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஆகஸ்டில் மல்லிகையைத் தொடங்கி, நாற்பது வருடங்களுக்கு மேலாக நானூறுக்கும் அதிகமான இதழ்களைக் கொண்டுவந்தார். இதழைக் கையில் கொண்டு திரிந்து தாமே விற்றார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியவர்கள் இருந்தார்கள். அவர் தமது தொழிலை எவருக்கும் ஒளிக்கவில்லை. 2021 ஜனவரியில் கொழும்பில் காலமானார்.

அவரை வாசித்ததும் எமக்குத் தைரியம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் முதலில் வந்தது பொறாமை. சலூன் கதிரையில் ஊரே வந்து இருந்து கதைக்கும். கத்தரிக்கோலைக் கீழே வைக்க அவரால் முடியும். எமது பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஆபத்துக்கு மட்டுமே அமுக்கலாம். வசனம் தப்பிப் போவதை ஆபத்து என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

இதைச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மாவோரி நண்பருக்குச் சொன்னபோது, "அப்படியானால் ஹோனே துஃபாரேயைத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. நாம் ரயிலில் கடந்து போகும் ஓட்டாஹூஹூவில் அந்தக் காலத்தில் ஒரு ரயில்வே பட்டறை இருந்தது. 1939இல் கொதிகலன் செய்யும் வேலை பழக அங்கே சேர்ந்தவர் அவர். இரும்பைத் தட்டும் அந்தச் சத்தத்துக்கு முன்னால் எமது பாண் மெஷின் தாலாட்டுத்தான். உலகப் போர் முடிந்த பின் படையினராக ஜப்பானுக்குப் போய் ஹிரோஷிமாவின் அழிவைப் பார்த்தார். 1964இல் 'நோ ஓர்டினரி சன்' என்ற தொகுதி வந்தது. தலைப்புக் கவிதை அணுகுண்டுக்கு எதிரானது. மாவோரி ஒருவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் கவிதைப் புத்தகம் அதுதான். அப்போது அவர் நாற்பது வயதைத் தாண்டியிருந்தார்.

எம்மவர்களிலும் இத்தகையோர் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜெர்மனியில் 'தூண்டில்', நோர்வேயில் 'சுவடுகள்', பாரிசில் 'ஓசை', சுவிசில் 'மனிதம்' என்று அகதிகள் நடத்திய பத்திரிகைகளைச் சொல்லலாம். பாரிசில் தட்டுக் கழுவிய ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் 2001இல் வந்தது. அவர்களுக்கும் ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணித்தியாலம்தான்.

இனி மற்றப் பாதிக்கு வருகிறோம். கொப்பியைத் திரும்ப எடுத்தபோது அதில் எழுதி முடித்த கதைகள் ஏழு இருந்தன. ஏழிலும் கிணறு உண்டு. ஆறில் பனை உண்டு. ஒன்றைத் துணைவியார் எமது ஒன்பது வயது மகளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, "இதில அப்பா எங்க?" என்றாள். "அந்தச் சின்னப் பெடியன்தான் அப்பா" என்றோம். "இல்லை, இப்ப இருக்கிற அப்பா?"

இப்போது இருக்கிற அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட அந்தக் கொப்பியில் இல்லை. பாண் அடுக்குவதெல்லாம் ஒரு கதையா என்று நினைத்திருந்தோம். அதைவிட உண்மையைச் சொன்னால், வெட்கம். கலியாண வீடுகளில் யாராவது "எங்கை வேலை?" என்று கேட்டால் "ஒரு கொம்பனியில" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவோம். ஊரில் அம்மா நாம் ஒபிசில் இருந்து வேலை செய்வதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார். எழுதினால் தெரிந்துவிடும். நேரம் இல்லை என்று சொல்வது அதைவிட லேசு.

இப்போது எட்டாவது கதை எழுதுகிறோம். பெல்ட்டின் மறுபக்கத்தில் நிற்கும் சமோவாப் பெண்மணி பற்றியது. ஐம்பது வயதைத் தாண்டியவர். இரவு முழுக்கத் தேவாலயப் பாட்டுப் பாடுகிறார். காது மூடியால் எமக்கு ஒன்றும் கேட்பதில்லை, வாய் அசைவதைப் பார்க்கிறோம். நாலு பக்கம் முடிந்திருக்கிறது. 'பெல்ட்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடி ஒரு வாரம் வீணாய்ப் போனது. நாம் எல்லோரும் பெல்ட் என்றுதானே சொல்கிறோம், அப்படியே விட்டுவிட்டோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓவர் டைம் போவதில்லை என்று துணைவியாருடன் பேசி முடிவு செய்திருக்கிறோம். அவர் கந்தோர்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போகிறவர். கணக்குப் பார்த்துத்தான் சம்மதித்தார். வருகிற தைப் பொங்கலுக்குள் கதை முடியாவிட்டால் சனிக்கிழமை திரும்ப ஓவர் டைமுக்குத்தான்.

இந்த இதழ் எப்படியும் ஊருக்குப் போகும். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நாமே போனில் சொல்லிவிட்டோம். பாண் பக்டரி, இரவு வேலை, ஆறு வருடம். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "இரவிலயோ மோனை? அப்ப எப்ப நித்திரை கொள்ளுறனி?"

பகலில் என்றோம். கதை எழுதுவதும் அந்த நேரத்தில்தான் என்பதை இன்னும் சொல்லவில்லை.