ஓயாத படபடப்பு: பெண்கள் அறிய வேண்டியவை

ஜவுளிக்கடையில் காலையில் நிற்கத் தொடங்கும் விற்பனைப் பெண், இரவு வீடு திரும்பியதும் அடுப்படிக்குள் நுழைகிறார். கழிப்பறைக்குப் போக அடிக்கடி அனுமதி கேட்கத் தயங்கி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். படுத்தால் தூக்கம் வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, தாடை இறுகுகிறது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. "உனக்கு எதுக்கெடுத்தாலும் டென்ஷன்" என்கிறார்கள் வீட்டில். அவர் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய நரம்பு மண்டலத்துக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

உடம்பில் நடப்பது என்ன?

நெருக்கடியை மூளை உணர்ந்ததும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. நெருக்கடி தீர்ந்ததும் வேகஸ் நரம்பு உள்ளிட்ட எதிர்ப்பரிவு நரம்புகள் உடலைத் தணிக்கும். நெருக்கடி தீராமல் நீடித்தால் தூக்கமின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு, மாதவிடாய்ச் சீர்கேடு, உயர் ரத்த அழுத்தம் என வளரும்.

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். தணிவதற்கான நேரம் எங்கே போகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

என்ன செய்யலாம்?

மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும்போதுதான் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. அதனால் விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள். தினமும் சற்று நேரம் நடங்கள். மாலைக்குப் பிறகு காபி, டீயைத் தவிருங்கள்.

ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூடப் படபடப்பையும் அசதியையும் தரும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே, ரத்தப் பரிசோதனை செய்யாமல் "மன அழுத்தம்தான்" என்று முடிவுகட்டாதீர்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

மருந்துச் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து. அதற்கு அடிமையாக நேரிடும். சில நாளில் நரம்பைச் சீராக்குவதாக விளம்பரம் செய்யப்படும் பொடிகளை வாங்கியும் பணத்தை இழக்காதீர்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

* தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தப்படி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும். மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் தரலாம்.
* 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும்.
* வீட்டில் அடி, மிரட்டல், ஓயாத வசவு என்றால் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கும். உதவிக்கு 181.
* 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. உங்கள் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும்.
* 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

மூச்சுப் பயிற்சி அன்றைய படபடப்பைத் தணிக்கும். உட்கார விடாத முதலாளியையும் வேலையைப் பங்கிடாத வீட்டையும் அதனால் மாற்ற முடியாது. வீட்டிலுள்ள ஆண்களே, இன்றிரவு சமையலறை வேலையில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களே, தூக்கமும் நிம்மதியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.