சாவி யாரிடம் இருக்கிறது?

2015 டிசம்பர் 2ஆம் தேதி ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை என்று அன்று உலகெங்கும் செய்தியானது. நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்கு வெள்ளத்தால் ஊழியர்கள் போய்ச்சேர முடியவில்லை; காரணம் அவ்வளவுதான். வெள்ளம் என்றதும் நம் தொழில்முனைவோர் சரக்கையும் இயந்திரத்தையும் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். அவை பத்திரமாக இருந்தாலும், ஆளும் சாலையும் மின்சாரமும் இல்லையென்றால் தொழில் படுத்துவிடும். ஆகவே முன்னேற்பாடு என்பது எதைக் காப்பாற்றுவது என்பதோடு, எதை முதலில் மறுபடி ஓடவைப்பது, அதை யார் செய்வது என்பதையும் முடிவு செய்துவைப்பதுதான்.

கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கத்து லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். லேத்தைத் தூக்க முடியாது. ஆனால் ஒயரையும் பெல்ட்டையும் கழற்றி நாலு போல்ட்டை விடுவித்தால், மோட்டாரை இரண்டு பேர் பரணில் ஏற்றிவிடலாம். நனைந்துவிட்டாலோ வைண்டிங் கடையில் ஊரே வரிசையில் நிற்கும். இதெல்லாம் பட்டறைக்காரருக்குத் தெரியாததல்ல. ஞாயிற்றுக்கிழமை இரவு ஏரி திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் யார் போவது, சாவி யாரிடம், மெயின் சுவிட்சை அணைப்பது யார்? அங்கேதான் இடறுகிறது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், அவசியம்தான். ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி வெள்ளச் சேதத்துக்கும் பணம் தரும். பட்டறை மூடிக்கிடந்த நாட்களின் வருமான இழப்பு அதில் சேராது. ஆர்டரை வேறு பட்டறைக்கு மாற்றிக்கொண்ட வாடிக்கையாளரை எந்த பாலிசியும் திருப்பிக் கொண்டுவராது.

ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் திட்டமெல்லாம் எதற்கு என்ற கேள்வியில் பாதி நியாயம் உண்டு. பெரிய தொழிற்சாலைகளின் தடித்த கோப்பு இங்கே ஒட்டடை பிடிக்கத்தான் உதவும். வடிகாலைத் தூர்வாருவதும் ஏரியை எப்போது திறப்பது என்பதும் அரசின் பொறுப்பு. அதைப் பட்டறைக்காரர் தலையில் கட்டக் கூடாது. அவருக்கு வேண்டியது நோட்டில் ஒரு பக்கம்: யாருக்கு என்ன வேலை, அவர் வரமுடியாவிட்டால் அடுத்தது யார், கணக்கின் நகல் எங்கே, முதலில் முடித்துக்கொடுக்க வேண்டிய ஆர்டர் எது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரில் ஒரு மாலை அதிலுள்ளவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்துப் பார்த்தால் போதும். போன வருஷமே வேலையை விட்டுப்போனவரின் பெயரில் மாற்றுச் சாவி இருப்பது அப்போதுதான் தெரியவரும்.