வங்கி மேலதிகப்பற்றும் நீதியான தராசும்

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நமது நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும் அன்னாரது குடும்பத்தினர், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வாழும் நம்மவர்களுள் கணிசமானோர் வியாபாரத்தை நம்பி வாழ்பவர்கள். மாவனல்லை, பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை முதலிய ஊர்களின் கடைவீதிகளில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இருவர் சந்தித்தால், பேச்சு விரைவிலேயே வங்கிக் கணக்கின் பக்கம் திரும்பிவிடுகிறது. “காசோலை திரும்பிவிட்டது, அதற்கு ஒரு தொகையை வெட்டிவிட்டார்கள்” என்கிறார் ஒருவர். “எனக்கு மேலதிகப்பற்று என்று எழுதியிருக்கிறார்கள், நான் கடனே கேட்கவில்லையே” என்கிறார் மற்றவர். இந்த மனக்குறை நியாயமானதா? அதற்குரிய பரிகாரம் யாது? நமது மார்க்கம் இதனை எந்தத் தராசில் நிறுக்கின்றது? இவற்றையே இன்று சற்று விளக்கமாக நோக்குவோம்.

மேலதிகப்பற்று எவ்வாறு உண்டாகிறது?

ஒரு சிறு பலசரக்குக் கடையை எண்ணிப் பாருங்கள். அதன் வாடிக்கையாளர்கள் அயலிலுள்ள தோட்டத்துத் தொழிலாளர்கள். அவர்கள் மாதம் முழுவதும் பற்றுப்புத்தகத்தில் எழுதிப் பொருள் வாங்குவார்கள். 10 ஆந் திகதியளவில் சம்பளம் கிடைத்ததும் கணக்குத் தீர்ப்பார்கள். கடைக்காரரோ புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு 12 ஆந் திகதியிட்ட காசோலையை முன்கூட்டியே கொடுத்திருக்கிறார். அந்த மாதம் மழை ஓயாமல் பெய்கிறது. காலை மழை பெய்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட இயலாது, வேலை நாட்கள் குறைகின்றன, சம்பளமும் குறைகின்றது. கடைக்கு வரவேண்டிய பணம் முழுமையாக வரவில்லை. ஆனால் காசோலை குறித்த நாளில் வங்கியை அடைந்துவிடுகின்றது. கணக்கில் 10,000 ரூபா போதாமலிருக்கின்றது.

இப்போது வங்கியின் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பணமில்லை எனக் காசோலையைத் திருப்பி அனுப்பலாம். அவ்வாறு செய்தால் அதற்கெனக் கட்டணம் அறவிடப்படும். காசோலையை வைப்பிலிட்டவரின் வங்கியும் தன் பங்குக்கு அவரிடம் அறவிடக்கூடும். மற்றையது, குறைந்த தொகையை வங்கியே கொடுத்துக் காசோலையை மாற்றிவிடலாம். இதுவே தற்காலிக மேலதிகப்பற்று. வாடிக்கையாளர் வாயால் கேட்காவிடினும், பணமின்றிக் காசோலை எழுதியமையே கடன் கேட்டமையாகக் கருதப்படுகின்றது. அன்று முதல் நாளாந்த மீதியின் மீது வட்டி ஓடத் தொடங்கும். மாத முடிவில் அவ்வட்டி கணக்கிலேயே பற்று வைக்கப்படும். நிலுவை தீராவிடின் அடுத்த மாதம் அந்த வட்டிக்கும் வட்டி சேரும்.

காசோலை எழுதாத இளைஞர்களும் இதிலிருந்து தப்பியவர்களல்லர். முச்சக்கரவண்டியின் லீசிங் தவணைக்காகக் கணக்கில் நிலையியற் கட்டளை கொடுத்திருப்பார்கள். தவணை நாளில் பணம் போதாவிடின், கொடுப்பனவு தவறியதற்கு வங்கி ஒரு கட்டணமும், தாமதத்திற்கு லீசிங் நிறுவனம் ஒரு கட்டணமும் அறவிட நேரலாம்.

சிறியவனே அதிகம் சுமக்கிறான்

இங்கு கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில், நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தபோது, இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கடன்களின் வட்டி கட்டுக்கடங்காது ஏறியது. பின்னர் 2023 ஓகஸ்ட்டில் அதே மத்திய வங்கி ஓர் உத்தரவைப் பிறப்பித்து, முன்னேற்பாட்டுடனான தற்காலிக மேலதிகப்பற்றுக்கு வருடத்துக்கு 23 சதவீதமும், அடகுக் கடனுக்கு 18 சதவீதமும், கடனட்டைக்கு 28 சதவீதமும் உச்ச வரம்பாக விதித்தது. தண்ட வட்டி 2 சதவீதப் புள்ளிகளுக்கு மேற்படலாகாது என்றும் கட்டளையிட்டது. வங்கிகள் தாமாகக் குறைக்கவில்லை. குறைக்கும்படி பணிக்க வேண்டியிருந்தது என்பதை இதிலிருந்து அறிகின்றோம்.

அந்த 23 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாவுக்கு 5 நாள் வட்டி ஏறக்குறைய 31 ரூபா 50 சதம். இதற்குமேல், உதாரணத்திற்கு, 1,000 ரூபா நிலையான கட்டணமாக வெட்டப்படுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கட்டணம் வட்டியைவிட 31 மடங்குக்கும் அதிகம். 5 நாளைக்குப் பெற்ற தொகையில் பத்திலொரு பங்கு! 1 இலட்சம் ரூபா குறைந்த பெரிய வியாபாரிக்கு அதே கட்டணம் நூற்றில் ஒன்றுதான். 2,000 ரூபா குறைந்த ஏழைக்கோ அது சரிபாதி. ஆகவே நிலையான கட்டணம் எல்லோருக்கும் சமமாகத் தோன்றினாலும், அதன் பாரம் எளியவனின் தோளிலேயே இறங்குகின்றது. நமது மக்களின் மனக்குறைக்கு உண்மையான காரணம் இதுவே.

இது நமது நாட்டில் மாத்திரம் எழுந்த பிரச்சினையன்று. அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ என்னும் பெரிய வங்கி, ஒரே நாளில் வந்த கொடுப்பனவுகளுள் பெரிய தொகையை முதலில் கழித்துச் சிறியவற்றைப் பின்னர் கழித்துவந்தது. பெரிய தொகை முதலில் போனதும் கணக்கு வெறுமையாகிவிடும். பின்வரும் ஒவ்வொரு சிறு கொடுப்பனவுக்கும் தனித்தனியே கட்டணம் விழும். வாடிக்கையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2010 இல் கலிபோர்னியாவிலுள்ள நீதிமன்றம் 203 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. வங்கி மேன்முறையீடு செய்து வழக்கை இழுத்தது. 2016 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை விசாரிக்க மறுத்ததோடு தீர்ப்பு நிலைத்தது.

பிரித்தானியாவில் 2009 இல் வாடிக்கையாளர் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் தோல்வி கண்டது. எனினும் முறைப்பாடுகள் ஓயவில்லை. 2020 ஏப்ரல் முதல் அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை அதிகாரசபை மேலதிகப்பற்றுக்கான நிலையான கட்டணங்களைத் தடைசெய்து, வருட வட்டி வீதம் ஒன்றை மாத்திரம் வெளிப்படையாகக் கூறுமாறு பணித்தது. கொடுப்பனவை மறுப்பதற்கான கட்டணம், அதற்கு உண்மையில் ஏற்படும் செலவுக்கு இணங்கவே இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது.

மார்க்கத்தின் தராசு

சகோதரர்களே! மேற்சொன்ன கடைசி விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்னரே, 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி இதையொத்த முடிவுக்கு வந்திருந்தது. கடன் கொடுப்பதற்கு உண்மையாக ஏற்படும் நிருவாகச் செலவை அறவிடலாம். அச்செலவை விஞ்சி அறவிடும் எதுவும் விலக்கப்பட்ட ரிபாவாகும் என்பதே அதன் சாரம். பெயர் கட்டணம் என்றிருப்பதால் ஒன்று ஹலாலாகிவிடுவதில்லை. செய்த சேவைக்கு அது ஈடாகுமா என்பதே கேள்வி.

வட்டியுடனான மேலதிகப்பற்று ரிபா என்பதை உலமாக்கள் நமக்குத் தெளிவுபடுத்தியிருக்கின்றார்கள். ஸூரத்துல் பகராவின் 280 ஆம் வசனம், கடன்பட்டவன் கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், அதனைத் தர்மமாக விட்டுவிடுவது மேலானதென்றும் போதிக்கின்றது. தாமதத்தை இலாபமாக்குவது இப்போதனைக்கு நேர்மாறானது. இதனாலேயே இஸ்லாமிய நிதி முறையில், வேண்டுமென்றே தாமதிப்பவரிடம் பெறும் தொகையை நிறுவனம் தன் வருமானமாக்காமல் தர்ம காரியங்களுக்குக் கொடுக்க வேண்டுமென விதி வகுத்துள்ளனர். நமது நாட்டில் 2005 ஆம் ஆண்டின் வங்கித்தொழில் திருத்தச் சட்டம் இம்முறைக்கு வழிதிறந்தது. 2011 இல் முழுமையான இஸ்லாமிய வங்கியொன்றும் இயங்கத் தொடங்கியது. அங்கும் கட்டண விபரத்தைக் கேட்டறிந்தே கணக்குத் திறத்தல் வேண்டும்.

ஆயினும் தராசுக்கு இரண்டு தட்டுகள் உள்ளன. பணமில்லை என்று அறிந்துகொண்டே காசோலை எழுதிக் கொடுப்பது வாக்குறுதியை மீறுவதாகும். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் அது தண்டனைக்குரிய குற்றமுமாகும். நபி (ஸல்) அவர்கள் கடனின் பாரத்திலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவர்கள். வங்கியைக் குறைகூறுமுன் நமது பக்கத்தைச் சீர்செய்துகொள்வது கடமையாகும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, கணக்குத் திறக்கும்போதே கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஆகக்குறைந்த மீதி எவ்வளவு, காசோலை திரும்பினால் எவ்வளவு, நிலையியற் கட்டளை தவறினால் எவ்வளவு, ஏ.ரி.எம். அட்டைக்கும் குறுஞ்செய்திக்கும் எவ்வளவு என்று உங்களுக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். புரியாத தாளில் ஒப்பமிடாதீர்கள். கடனைத் திகதியிட்டு எழுதிக்கொள்ளுமாறு ஸூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம் நமக்குக் கற்பித்திருக்க, வாசிக்காமல் கையொப்பமிடுவது நமக்கு அழகன்று.

இரண்டாவதாக, வைப்பிலிட்ட காசோலை வேறு, கையிலுள்ள காசு வேறு. 2006 இல் காசோலையின் பிம்பத்தை அனுப்பித் தீர்வு செய்யும் முறை இலங்கைக்கு வந்தபின் தாமதம் பெரிதும் குறைந்தது. எனினும் இன்று வைப்பிலிட்ட காசோலை, சாதாரணமாக அடுத்த வேலை நாளிலேயே பணமாகும். இடையில் சனி, ஞாயிறு, போயா தினம் வந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதற்குமுன் அப்பணத்தை நம்பிக் காசோலை எழுதாதீர்கள்.

மூன்றாவதாக, நெருக்கடி வருமென்று தெரிந்தால் நாளைக் கடத்தாதீர்கள். மொத்த வியாபாரியிடம் முன்கூட்டியே பேசித் திகதியை மாற்றிக்கொள்ளுங்கள். முகாமையாளரைச் சந்தித்து நிலைமையைக் கூறுங்கள். வெட்கம் ஒரு நாளோடு போகும். கட்டணம் மாதந்தோறும் வளரும்.

நான்காவதாக, மாதந்தோறும் வங்கிக் கூற்றைப் பாருங்கள். பெற்றோர்களே! உங்கள் வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அதனை வரிவரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் கணக்குப் பழகும். உங்களுக்கும் பணம் போன வழி தெரியும்.

ஐந்தாவதாக, காரணம் விளங்காத கட்டணம் இருந்தால் கோபத்தில் சத்தமிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கருமபீடத்திலிருக்கும் உத்தியோகத்தர் அக்கட்டணத்தை விதித்தவரல்லர். திகதி, தொகை, காரணம் என்பவற்றைக் குறித்து எழுத்துமூலம் கிளை முகாமையாளருக்கு முறைப்பாடு செய்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அங்கு தீராவிடின் வங்கியின் தலைமை அலுவலகத்திற்கு எழுதுங்கள். அதன்பின்னரும் நியாயம் கிடைக்காவிடின், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்திடமோ, நிதி ஒம்புட்ஸ்மனிடமோ முறையிடலாம். 2023 இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வெளியிடப்பட்டுள்ளன. முறைப்பாடு செய்வது சண்டையன்று, அது உரிமை.

ஆறாவதாக, ஜமாஅத் நிருவாகிகள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாருள் கடனில் மூழ்கியோரும் அடங்குவர். சில ஆயிரம் ரூபா இன்றி ஒருவர் வட்டியில் சிக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்காமல், அழகிய கடன் கொடுக்கும் சிறு நிதியமொன்றை ஊரில் ஏற்படுத்துவது பேருபகாரமாகும்.

நமது கடையின் பற்றுப்புத்தகம்

இறுதியாக ஒரு சொல். வங்கி நம்மிடம் சொல்லாமல் வெட்டியது என்று வருந்துகின்றோம். நமது கடைக்குக் கடனுக்குப் பொருள் வாங்க வரும் தோட்டத்துச் சகோதரியின் பற்றுப்புத்தகத்தில் நாம் என்ன எழுதுகின்றோம்? கடன் விலை ஒன்று, காசு விலை ஒன்று என்று இருப்பின், பொருள் கொடுக்குமுன் அதை அவருக்குச் சொல்லி, விலையைத் தீர்மானித்துக்கொண்டோமா? சம்பளம் பிந்தியபோது பழைய நிலுவையின் மேல் ஏதேனும் கூட்டினோமா? எழுத்தறியாத ஒருவருக்குக் கணக்கை வாசித்துக் காட்டினோமா? அவர் முஸ்லிமா அன்றா என்பது இங்கு கேள்வியேயன்று.

தமக்கு வரவேண்டியதை நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றி ஸூரத்துல் முதஃப்பிஃபீன் கடுமையாக எச்சரிக்கின்றது. அந்த எச்சரிக்கை வங்கியின் வாசலிலும் நிற்கின்றது. நமது கடையின் வாசலிலும் நிற்கின்றது. முன்னரே சொல்லப்படுவதும், செய்த சேவைக்கு ஈடாயிருப்பதும், எளியவனின் கஷ்டத்தில் இலாபம் தேடாதிருப்பதுமே நீதி. அந்த நீதியை வங்கியிடம் உரிமையோடு கேட்போம். அதே நீதியை நமது பற்றுப்புத்தகத்திலும் எழுதுவோம்.

அல்லாஹ் நமது சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, கடனின் பாரத்தை நீக்கி, கொடுக்கல் வாங்கலில் நேர்மையைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.