மிதவையைப் பற்றும் கோல்

வைட்ஃபீல்டில் கடல் இல்லை. 1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியர் குடியேற்றமாகத் தோன்றிய அவ்வூர், கடல் மட்டத்திற்கு 800 மீட்டருக்கும் மேலே உள்ளது. ஆயினும் அங்குள்ள சரக்குப்பெட்டி நிலையத்தில் இரயிலேறும் பெட்டிகள் சென்னையில் கப்பலேறுகின்றன. அங்கு தொழில் புரியும் தமிழருள் கடற்கரையில் பிறந்து வளர்ந்தோரும் உளர். விடுமுறையில் ஊர் வந்து படகேற விரும்பும் அத்தகைய அன்பர்களுக்காக ஒரு சிறு கருவியைப் பற்றி இன்று பேசுவோம்.

சென்னைத் துறைமுகத்துள் பாய்ப்படகுச் சங்கம் ஒன்று 1911-இல் தோன்றியது. அதனை நிறுவியவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணிதமேதை இராமானுஜன் எழுத்தராகப் பணியாற்றியதும் அவரின்கீழ்தான்.

கடலடியில் கனத்த கல்லோ நங்கூரமோ கிடக்கும். அதிலிருந்து எழும் சங்கிலியின் தலையில் மிதவை நிற்கும். கரை திரும்பும் படகை அதிற்பிணைக்க வேண்டும். எளிய வேலையாகத் தோன்றும். ஆனால், வேகம் குறைந்த படகு சுக்கானுக்கு எளிதில் அடங்காது. பிடி தவறினால் காற்று அதனை அலைதாங்கிக் கற்களின்மேல் தள்ளிவிடும். விரல் நசுங்குவதும் ஆள் நீரில் விழுவதும் இவ்வேளையில்தான்.

முதற்கருவி நம் துறட்டிக்கோலே. முருங்கைக்காய் பறித்த கைக்கு அது புதிதன்று. படகுக்குரியதில் கொக்கியின் முனை மழுங்கியிருத்தல் வேண்டும். படகின் மேல்தட்டிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள உயரத்தோடு ஒரு மீட்டரேனும் மிகுதியாக நீளம் இருப்பது நலம். ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய்க்கோல்கள் அடக்கமானவை. ஆனால் முறுக்கிப் பூட்டும் மூட்டுத் தளர்ந்தால், இழுக்கும்போதே கழன்றுவிடும். நமக்கு மரக்கோலிலேயே நம்பிக்கை.

இரண்டாவது, மிதவையின் தலைவளையத்தில் கயிற்றைக் கோத்து மறுமுனையைக் கைக்கே கொண்டுவரும் பொறிக்கொக்கி. வளையம் நிமிர்ந்து நின்றால் மிக நன்று. சாய்ந்து நீருள் கிடந்தால் பயனில்லை. மூன்றாவது, கோலின் நுனியில் செருகிய வில்கொக்கி. வளையத்தில் மாட்டியவுடன் அது கோலை விட்டுப் பிரியும். அதன் கயிறு முன்னரே படகில் கட்டப்பட்டிருப்பதால் பாரம் கைக்கு வராது. தனியே படகோட்டுவோருக்கு இதையே பரிந்துரைப்போம்.

கோலே இல்லாத முறையும் உண்டு. அகன்ற கயிற்றுச் சுருக்கை மிதவையைச் சுற்றி எறிந்தால், அது அமிழ்ந்து அடியிலுள்ள சங்கிலியைப் பற்றும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி தேடிப் பிடிப்பது போன்றதே இதுவும். இதற்கு நைலான் கயிறே ஏற்றது. பாலிப்ரொப்பிலீன் கயிறு நீரில் மிதப்பதால் நழுவிவிடும். சங்கிலியில் உராய்ந்து கயிறு தேயுமாதலால், இரவு முழுதும் இதனை நம்பியிருத்தல் தகாது. எறியும்போது விசைப்படகின் சுழலி ஓடிக்கொண்டிருத்தல் ஆகவே ஆகாது.

எக்கருவியாயினும் படகின் வேகத்திற்கு முன் சிறியதே. கணக்கிட்டுப் பாருங்கள்: 2 டன் படகு நொடிக்கு அரை மீட்டர் நகர்கையில் அதன் இயக்க ஆற்றல் 250 ஜூல். ஒருவர் ஏறத்தாழ 30 கிலோ எடையைத் தூக்கும் விசையோடு இழுத்தால், ஒரு மீட்டருக்குள் அது நின்றுவிடும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. நிறுத்த மூன்று மீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு நீளம் எவர் கைக்கும் இல்லை. யாமும் ஒருமுறை கோலை விடமாட்டோம் என்று வீம்பு பிடித்து, பாதி உடல் வெளியே தொங்க நின்றோம். தோள்வலி தீர ஒரு மாதமாயிற்று. கோல் போனால் போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

சென்னையில் கடலேற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர் அளவே. ஆகையால் பெரும்பாலும் காற்றை மட்டும் நோக்கினால் போதும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கும் தென்கிழக்குமாக வீசும். அதனை எதிர்த்து மெல்ல அணுகினால் காற்றே படகைத் தடுத்து நிறுத்தும்.

நீங்களே மிதவை அமைப்பதாயின், பெரியதோடு ஒரு சிறு மிதவையையும் நீண்ட கயிற்றில் கட்டிவிடுங்கள். அதனைச் சாதாரணத் துறட்டியாலேயே எடுத்துவிடலாம். விலைமிக்க பொறி எதுவும் தேவைப்படாது.

கோல் வாங்கியதும் தண்ணீர்த் தொட்டியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூழ்கினால், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.