வண்டியில் தண்ணீர்த் தொட்டி: கட்டுவதில் கவனம் தேவை

கோடையில் மா, தென்னங்கன்றுகளைக் காப்பாற்ற, சிறு சரக்கு வண்டிகளில் பிளாஸ்டிக் தொட்டி வைத்துத் தண்ணீர் கொண்டு செல்வது பல ஊர்களில் வழக்கமாகி விட்டது. மறுநாள் அதே வண்டியில் தக்காளிப் பெட்டியோ உர மூட்டையோ ஏற்ற வேண்டியிருப்பதால், தொட்டியை யாரும் நிலையாகப் பொருத்துவதில்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி ஓட்டி விடுகிறார்கள். கனமான தொட்டி தானாக நகராது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இது தவறாகும். திடீரென பிரேக் போட்டால், 500 கிலோ சுமை 400 கிலோ விசையுடன் முன்னே தள்ளக்கூடும்.

எவ்வளவு நிரப்பலாம்?

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. வண்டியின் பதிவுச் சான்றில் மொத்த எடையும் வெற்று எடையும் குறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, மொத்த எடை 1,550 கிலோ, வெற்று எடை 850 கிலோ எனில், ஏற்றக்கூடியது 700 கிலோ. இதில் வண்டியில் செல்லும் இருவருக்கு 130 கிலோ, தொட்டி, பம்ப், குழாய்க்கு 70 கிலோ கழித்தால், தண்ணீர் 500 லிட்டர் மட்டுமே ஏற்றலாம்.

எங்கே வைப்பது?

உயரமான தொட்டியை விடப் படுக்கைத் தொட்டியே நல்லது. அதைக் கேபின் பக்கமாகத் தள்ளி, பின் அச்சுக்கு முன்னால் எடை அமையும்படி நடுவில் வைக்க வேண்டும். எடை பின்னால் போனால் முன் சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். ஈரமான தகரம் வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் விரிப்பு அவசியம். தொட்டியைச் சுற்றி மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து வைத்தால் நகராது.

எப்படிக் கட்டுவது?

நைலான் கயிறு பளு தாங்கும்போது நீண்டு தளரும். இறுக்கும் பிடியுள்ள பெல்ட்டுகளே சிறந்தவை. தளத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள உறுதியான வளையங்களில் கட்ட வேண்டும். பின் கதவிலோ, மெல்லிய பக்கக் கம்பியிலோ கட்டக் கூடாது. பெல்ட் உராயும் முனைகளில் சாக்குத் துணியை மடித்து வைக்கலாம். புறப்பட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, மீண்டும் இறுக்க வேண்டும்.

அரைத் தொட்டியே ஆபத்து

நிறைந்த தொட்டியில் தண்ணீர் அதிகம் அலம்பாது. பாதி நிரம்பியதில், வளைவில் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். எனவே வயலில் பாதி இறைத்த பின் இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும். வேகம் இரு மடங்கானால் வளைவில் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலித் தொட்டியையும் கட்டியே கொண்டு வர வேண்டும்; காற்று அதைத் தூக்கிச் சாலையில் எறிந்து விடலாம். தொட்டியருகே ஆட்களை உட்கார வைப்பது கூடவே கூடாது.

தளத்தைக் காக்க

உரக் கரைசல் சிந்தினால் தகரம் விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் தொட்டியை இறக்கி, விரிப்பை எடுத்து, தளத்தைக் கழுவிக் காய விட வேண்டும். வளையம் பொருத்தத் துளையிட்ட இடங்களில் ரெட் ஆக்சைடு பூசுவது நல்லது. வண்டியின் அடிச்சட்டத்தில் துளையிடக் கூடாது.

கட்டுவதற்குக் கால்மணி நேரம் போதும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய், கடன் வாங்கி எடுத்த வண்டியையும் ஓட்டுபவரின் உயிரையும் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.