ஹிட்லர் திருடிய முயல் பொம்மை

நாஜி காலத்து யூதர் கதைன்னாலே கைக்குட்டையோடதான் உட்காரணும்னு ஒரு நினைப்பு நமக்கு உண்டு. ஜூடித் கெர் எழுதின 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்' (1971) நாவலை சிரிச்சுக்கிட்டே படிக்கலாம். சிரிச்சு முடிச்சப்புறம்தான் சுருக்குன்னு குத்தும்.

1933, பெர்லின். அன்னாவுக்கு ஒன்பது வயசு. அப்பா ஹிட்லரை எதிர்த்து எழுதற பிரபல எழுத்தாளர், யூதர் வேற. தேர்தலுக்கு முன்னாடியே குடும்பம் ஸ்விட்சர்லாந்துக்குக் கிளம்புது. ஒரு பொம்மைதான் எடுத்துக்கலாம். (விமானத்துல வந்த நமக்காவது 23 கிலோ!) ரொம்ப நாள் கூட இருந்த முயலை விட்டுட்டு, புது நாய் பொம்மையை எடுத்துக்கறா. சீக்கிரம் திரும்பிடுவோம்ங்கிற நம்பிக்கைதான். வீட்டை நாஜிகள் பறிமுதல் பண்ணினதும் அவ யோசனை எல்லாம், ஹிட்லர் இப்போ என் முயலோட விளையாடிட்டு இருப்பாரோ!

அப்பா தலைக்கு ஆயிரம் மார்க் விலைன்னு கேள்விப்பட்டா, அத்தனை காசும் அவர் தலையில கொட்டற மாதிரி நினைச்சு நடுங்கறா. நமக்குச் சிரிப்பு வருது. உண்மையான அர்த்தம் தெரியறதால உடனே நின்னும் போகுது.

அவங்க மதச் சடங்குகள் பார்க்காத குடும்பம். தான் யூதப் பெண்ங்கிறதையே அன்னாவுக்கு மத்தவங்கதான் ஞாபகப்படுத்தறாங்க. ஸ்விஸ் கிராமத்துக்கு விடுமுறைக்கு வந்த ஜெர்மன் அம்மா ஒருத்தி, அவளோட சேரக்கூடாதுன்னு தன் பிள்ளைகளைத் தடுக்கறா. அவ்வளவுதான், விளையாட்டு நின்னுடுது. பெர்லின்லயே தங்கிட்ட ஜூலியஸ் மாமாவுக்கோ, ஒரு பாட்டி யூதர்ங்கிறதால வேலை போகுது. மிருகக்காட்சி சாலை பாஸ்கூட போகுது. கடைசியில தற்கொலை.

இது பெரும்பாலும் கெர்ரோட சொந்தக் கதை. 1933ல நாஜிகள் எரிச்ச புத்தகங்கள்ல அவர் அப்பா ஆல்ஃபிரட் கெர் எழுதினதும் உண்டு.

இவ்வளவு கொடுமையை இவ்வளவு லேசா சொல்லலாமான்னு சிலருக்குத் தோணலாம். எனக்கு அப்படித் தோணலை. பிரபலங்களுக்கெல்லாம் கஷ்டமான குழந்தைப்பருவம் இருக்குமாமே, எனக்கு அது இல்லையேன்னு அன்னா யோசிக்கறா. நாடு, வீடு, மொழி எல்லாம் போன பொண்ணு! அவளை அப்படி நினைக்க வெச்சது அப்பா அம்மா. பாரிஸ்ல காசுக்குத் திண்டாடினபோதும், பயத்தைப் பிள்ளைங்க மேல இறக்கி வைக்காம அவங்களே சுமந்தாங்க. அந்தச் சுமையோட கனம்தான் இந்தச் சிரிப்புக்குப் பின்னாடி இருக்கு.

கெர் 2019ல, 95 வயசுல இறந்தார். அவர் தப்பிச்சு ஓடின பெர்லின்ல இன்னிக்கு ஒரு தொடக்கப்பள்ளிக்கு அவர் பேரு.

குழந்தைங்க புத்தகம்தானேன்னு விட்டுடாதீங்க மக்களே. படிச்சுட்டுச் சொல்லுங்க :-)